வகுப்பின் சராசரி: நியூயார்க் அரசுப் பள்ளிகளின் விளையாட்டு லீக்

1903 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிச் சிறுவர்கள் ஓடவும் தாண்டவும் திரண்டனர். குதிரைக் கண்காட்சிகளும் அரசியல் மாநாடுகளும் நடக்கும் அந்த மண்டபத்தில் அன்று கூடியவர்களில் பெரும்பாலோர் அரசுப் பள்ளி மாணவர்கள். தையல் தொழிலாளிகள், துறைமுகக் கூலிகள், தள்ளுவண்டி வணிகர்கள் ஆகியோரின் பிள்ளைகள் அவர்களுள் பலர். அந்த மாதத்தில்தான் சட்டப்படி பதிவு செய்யப்பட்டிருந்த 'பப்ளிக் ஸ்கூல்ஸ் அத்லெட்டிக் லீக்' என்னும் அமைப்பு நடத்திய முதல் போட்டி அது. ஒரு மாநகரத்தின் அரசுப் பள்ளிகள் அனைத்தையும் ஒரே விளையாட்டு அமைப்பின்கீழ்க் கொண்டுவர அமெரிக்காவில் நடந்த முதல் பெருமுயற்சியாக இது கருதப்படுகிறது. சில ஆண்டுகளுக்குள் பிற அமெரிக்க நகரங்களும் இதைப் பார்த்துத் தத்தம் லீக்குகளை அமைத்துக்கொண்டன.

பள்ளி விளையாட்டின் வரலாறு பெரும்பாலும் வெற்றியாளர்களின் பட்டியலாகவே எழுதப்படுகிறது. எந்தப் பள்ளி எந்த ஆண்டு கோப்பையை வென்றது, எந்த மாணவர் பின்னாளில் ஒலிம்பிக் வீரரானார் என்பதோடு அது முடிந்துவிடுகிறது. நியூயார்க் லீக்கின் தொடக்க ஆண்டுகளுக்கு இம்முறை பொருந்தாது. அதை வடிவமைத்தவர்கள் முன்வைத்த முதன்மையான கேள்வி 'யார் முதலில் வந்தார்' என்பது அன்று. 'ஒரு வகுப்பில் எத்தனை பேர் பங்கேற்றனர், அவர்களின் சராசரி என்ன' என்பதே. அந்தக் கேள்வி எப்படிப் பிறந்தது, ஏன் பின்தள்ளப்பட்டது, நூறாண்டுக்குப் பின் நீதிமன்ற வழக்காக எவ்வாறு திரும்பி வந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பெயரிலிருந்து தொடங்குவது பயனுடையது. 'பப்ளிக் ஸ்கூல்' என்னும் தொடருக்கு அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் நேர் எதிரான பொருள்கள் உண்டு. இங்கிலாந்தில் அது ஈட்டன், ஹாரோ, ரக்பி போன்ற, கட்டணம் மிகுந்த மேட்டுக்குடிப் பள்ளிகளைக் குறிக்கும். அமெரிக்காவில் வரிப்பணத்தில் நடக்கும், எவரும் கட்டணமின்றிச் சேரக்கூடிய பள்ளியைக் குறிக்கும். இந்திய ஆங்கிலம் இதில் இங்கிலாந்தின் வழியைப் பின்பற்றியது. நம் ஊர்களில் பெயர்ப்பலகையில் 'பப்ளிக் ஸ்கூல்' என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் தனியார் பள்ளி. இந்தச் சொற்பொருள் வேறுபாடு விளையாட்டு வரலாற்றுக்கு நேரடியாகப் பொருந்துகிறது. குழு விளையாட்டு நற்பண்பை வளர்க்கும் என்ற நம்பிக்கை 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் அந்த மேட்டுக்குடிப் பள்ளிகளில்தான் கொள்கையாக உருப்பெற்றது. ஆளப்போகும் வர்க்கத்துப் பிள்ளைகளைப் பண்படுத்தும் கருவியாக அங்கே கிரிக்கெட்டும் ரக்பியும் இருந்தன. நியூயார்க் லீக் அதே நம்பிக்கையை எடுத்துக்கொண்டு, அதற்கு உரியவர் யார் என்பதை மாற்றியது. ஒரு தொடரின் இரு பொருள்களுக்கிடையே உள்ள தொலைவுதான் அந்த மாற்றத்தின் அளவும்.

1903இன் நியூயார்க்கை மனத்தில் கொள்ளாமல் லீக்கைப் புரிந்துகொள்ள இயலாது. மன்ஹாட்டன், புரூக்ளின், குவீன்ஸ், பிராங்ஸ், ஸ்டேட்டன் தீவு ஆகிய ஐந்து பகுதிகளும் இணைந்து ஒரே மாநகரமானது 1898இல். கிழக்கு, தெற்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூத, இத்தாலியக் குடும்பங்கள் கீழ்க்கிழக்குப் பகுதியின் அடுக்குக் குடியிருப்புகளில் நெருக்கியடித்து வாழ்ந்தன. பள்ளிகளில் இடம் போதவில்லை. விளையாடத் திடல் இல்லை. பள்ளிக் கட்டடக் கலைஞர் சி. பி. ஜே. ஸ்னைடர் கட்டடங்களின் கூரைமீது விளையாட்டுத் தளங்களை அமைத்தார். ஒரு நகராட்சி நிலையாக நடத்திய முதல் விளையாட்டுத் திடல் என்று அமெரிக்காவில் குறிப்பிடப்படும் சிவர்டு பார்க் திடல் திறக்கப்பட்டதும் அதே 1903இல்தான். அதுவரை சிறுவர்களுக்குத் தெருவே திடல்.

உயர்நிலைப் பள்ளிகளில் விளையாட்டு அதற்கு முன்பும் இருந்தது. ஆனால் அதை நடத்தியவர்கள் மாணவர்களே. அணி சேர்ப்பது, பணம் திரட்டுவது, எதிரணியோடு நாள் குறிப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. கண்காணிப்பு இல்லாததால் பள்ளியில் படிக்காதவரை அணியில் சேர்ப்பது முதலிய முறைகேடுகள் பெருகின என்று கல்வி அலுவலர்கள் குறைகூறினர். அதைவிட அடிப்படையான குறை ஒன்றும் இருந்தது. நூற்றுக்கணக்கானோர் படிக்கும் பள்ளியில் பதினைந்து பேர் விளையாடினர், மற்றவர்கள் கைதட்டினர். உடல்வலிமை ஏற்கெனவே உள்ளவர்களுக்கே பயிற்சி கிடைத்தது, தேவைப்பட்டவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இந்தக் குறையைத் திட்டமாக மாற்றியவர் லூதர் ஹால்சி குலிக். சமயப் பணியாளர் குடும்பத்தில் 1865இல் ஹொனலூலுவில் பிறந்தவர், மருத்துவம் படித்தவர். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் உடற்பயிற்சித் துறையை நடத்தினார். குளிர்காலத்தில் உள்ளரங்கில் ஆடத்தக்க விளையாட்டு ஒன்றைக் கண்டுபிடிக்குமாறு தம்மிடம் பணிபுரிந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்திடம் 1891இல் பணித்தவர் அவரே. கூடைப்பந்து அவ்வாறு பிறந்தது. உடல், மனம், ஆன்மா என்னும் மூன்றையும் குறிக்கும் ஒய்.எம்.சி.ஏ. முக்கோணச் சின்னமும் அவர் தந்த வடிவமே. 1903இல் நியூயார்க் பள்ளிகளின் உடற்பயிற்சி இயக்குநராகப் பொறுப்பேற்ற அவர், அவ்வாண்டு முடிவதற்குள் லீக்கை நிறுவினார். அவருக்குத் துணைநின்றவர்களில் இருவர் முக்கியமானவர்கள். ஒருவர் அமெரிக்கத் தொழில்முறைசாரா விளையாட்டுச் சங்கத்தின் செயலாளர் ஜேம்ஸ் இ. சல்லிவன். மற்றவர் உள்நாட்டுப் போரில் பங்கேற்றவரும், 1871இல் தேசியத் துப்பாக்கிச் சங்கத்தை உருவாக்கியவர்களில் ஒருவருமான ஜெனரல் ஜார்ஜ் விங்கேட். லீக்கின் தலைவர் பொறுப்பில் இருந்தவர் விங்கேட்.

லீக் அரசுப் பள்ளிகளுக்குள் இயங்கினாலும் அரசுத் துறை அன்று. தனி அமைப்பாகப் பதிவானது. அதன் பணம் நகரின் செல்வந்தர்களிடமிருந்து நன்கொடையாக வந்தது. உழைப்பு ஆசிரியர்களிடமிருந்து வந்தது. பள்ளி நேரம் முடிந்தபின் ஊதியமின்றி மாலைப்பொழுதைக் கொடுத்த ஆசிரியர்களாலேயே லீக் நடந்தது. இந்த இரட்டை அடித்தளம், அதாவது செல்வரின் கொடையும் ஆசிரியரின் கொடையும், பின்னாளில் அதன் பலவீனமாகவும் ஆயிற்று.

குலிக்கின் திட்டத்தில் மூன்று அடுக்குகள் இருந்தன. முதலாவது பதக்கத் தேர்வு. இதில் எவரும் எவரையும் வெல்ல வேண்டியதில்லை. குறித்த அளவை எட்டிய ஒவ்வொரு சிறுவனுக்கும் ஒரு சட்டைப் பதக்கம் உண்டு. தொடக்கப்பள்ளிச் சிறுவர்களுக்கான முதல் நிலை அளவுகள் இவை: 60 கெஜ ஓட்டத்தை 8.6 விநாடிக்குள் முடிப்பது; கம்பியில் தொங்கி, தாடை கம்பிக்கு மேலே வருமாறு 4 முறை உடலை உயர்த்துவது; நின்ற இடத்திலிருந்து 5 அடி 9 அங்குலம் தாண்டுவது. பயிற்சி செய்யும் சராசரிச் சிறுவன் எட்டக்கூடிய அளவு. ஆனால் பயிற்சியின்றி எளிதில் எட்ட முடியாத அளவு.

இரண்டாவது அடுக்குதான் லீக்கின் உண்மையான புதுமை. அதற்கு 'வகுப்புத் தடகளம்' என்று பெயர். இதில் போட்டியிடுவது மாணவன் அல்லன், வகுப்பு. வகுப்பின் ஒவ்வொரு சிறுவனும் தாண்டுவான். எல்லாத் தூரங்களையும் கூட்டி, தாண்டியவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது வகுப்பின் அளவு. அதே நிலையில் உள்ள பிற பள்ளி வகுப்புகளின் சராசரியோடு அது ஒப்பிடப்படும். வகுப்பின் சிறுவர்களில் குறைந்தது 80 விழுக்காட்டினர் பங்கேற்றால்தான் கணக்கு செல்லும். இலையுதிர் காலத்தில் தாண்டல், குளிர்காலத்தில் கம்பிப் பயிற்சி, வசந்தத்தில் ஓட்டம் என்று பருவங்கள் வகுக்கப்பட்டன.

இந்த விதியின் விளைவைக் கணக்காகவே பார்க்கலாம். 40 சிறுவர்கள் உள்ள வகுப்பில் 32 பேராவது தாண்டியாக வேண்டும். 7 அடி தாண்டும் ஒருவன் மேலும் 2 அங்குலம் கூட்டுவது கடினம். அவன் கூட்டினாலும் 32 பேரின் சராசரி ஓர் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்குதான் உயரும். 4 அடி தாண்டும் குண்டுச் சிறுவனும் மெலிந்த சிறுவனும் ஒரு மாதப் பயிற்சியில் ஆளுக்கு 8 அங்குலம் கூட்டிவிடலாம். அதனால் சராசரி அரை அங்குலம் உயரும். ஆகவே வகுப்பு வெல்ல வேண்டுமானால் அதன் அக்கறை மிகத் திறமையானவனிடமிருந்து மிகத் திறமை குறைந்தவனை நோக்கித் திரும்ப வேண்டும். ஒதுங்கி நின்றவனை வகுப்பே இழுத்துவந்து பழக்க வேண்டிய நிலையைக் கணிதம் உருவாக்கியது. அறிவுரையால் வராத ஒரு பண்பை விதியின் அமைப்பால் வரவழைக்க முயன்றது இம்முறை. பெருந்திரளுக்கான விளையாட்டு என்பது நல்லெண்ணத்தை மட்டும் சார்ந்ததன்று, எதை அளக்கிறோம் என்பதைச் சார்ந்தது என்னும் தெளிவு அதில் இருந்தது.

மூன்றாவது அடுக்கில்தான் வழக்கமான போட்டிகள் வந்தன: பள்ளிக்குப் பள்ளி, வட்டாரத்துக்கு வட்டாரம், இறுதியில் நகரச் சாம்பியன். அங்கும் சிறுவர்கள் எடையின்படி 80, 95, 115 பவுண்டு எனவும், அதற்கு மேற்பட்டோர் எனவும் பிரிக்கப்பட்டனர். ஊட்டம் குறைந்த ஏழைச் சிறுவனை வளர்ந்த சிறுவனோடு மோதவிடாமல் இது காத்தது. படிப்பிலும் முயற்சியிலும் நடத்தையிலும் 'பி' தரம் பெறாதவர் எந்தப் போட்டியிலும் கலந்துகொள்ள முடியாது. விளையாட்டுக்கு ஆசைப்படுபவனை வகுப்பறைக்குக் கட்டிவைக்கும் கயிறாக அந்த விதி பயன்பட்டது.

இத்திட்டத்தை வெறும் கருணையாகக் காண்பது வரலாற்றுக்கு நேர்மையன்று. குலிக்கின் சிந்தனைக்குப் பின்னால் உளவியலாளர் ஜி. ஸ்டான்லி ஹாலின் கருத்து இருந்தது. மனித இனம் கடந்துவந்த படிநிலைகளை ஒவ்வொரு குழந்தையும் தன் வளர்ச்சியில் மீண்டும் கடக்கிறது என்பதே அது. அதன்படி பதின்பருவச் சிறுவன் கூட்டமாய் வேட்டையாடும் பருவத்தில் இருக்கிறான். அந்த உந்துதலை நெறிப்படுத்தாவிட்டால் தெருக்கும்பலாக மாறும், நெறிப்படுத்தினால் பற்றுறுதியாக மாறும். அறிவியலாக அது பின்னர் கைவிடப்பட்டது. ஆனால் அன்றைய நகரத்தின் அச்சத்துக்கு அது சொல் கொடுத்தது. புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகளை 'அமெரிக்கர்' ஆக்கும் பணியில் விளையாட்டை ஒரு கருவியாகவே சீர்திருத்தவாதிகள் கண்டனர். வீட்டில் யித்திஷும் இத்தாலியமும் பேசிய சிறுவர்கள் திடலில் ஆங்கிலத்தில் கத்தக் கற்றனர். அவர்கள் பெற்றது அதிகம், விட்டுவந்ததும் உண்டு.

படைத்துறையின் நிழலும் இருந்தது. விங்கேட்டின் ஆர்வத்தால் உயர்நிலைப் பள்ளிகளில் குறிபார்த்துச் சுடும் பயிற்சி புகுந்தது. குண்டு இல்லாமலே, குறி எங்கே விழுந்தது என்பதை ஒரு சிற்றட்டையில் பதிக்கும் இயந்திரங்கள் பள்ளிக் கட்டடங்களில் வைக்கப்பட்டன. நியூயார்க்கிலேயே பிறந்தவரான குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட், சிறந்த குறிவீரனான மாணவனுக்குப் பாராட்டுக் கடிதம் எழுதினார். முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1916இல் நியூயார்க் மாநிலம் இரு சட்டங்கள் இயற்றியது. ஒன்று பள்ளிகளில் உடற்பயிற்சியைக் கட்டாயமாக்கியது. மற்றொன்று 16 முதல் 19 வயது வரையிலான ஆண்களுக்குப் படைப்பயிற்சியை விதித்தது. 'அனைவருக்கும் உடல்வலிமை' என்ற முழக்கம் மக்களாட்சியின் குரலாகவும் படைதிரட்டலின் குரலாகவும் ஒரே வேளையில் ஒலிக்கக்கூடியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

'அனைவரும்' என்ற சொல்லுக்குள் சிறுமியர் இல்லை. 1905இல் அவர்களுக்கெனத் தனிக் கிளை தொடங்கப்பட்டது. அதன் உயிர்நாடியாக இருந்தவர் எலிசபெத் பர்ச்சினல். ஐரோப்பிய நாடுகளின் நாட்டார் நடனங்களைத் திரட்டிப் பள்ளிகளில் கற்பித்தவர் அவர். சென்ட்ரல் பூங்காவின் புல்வெளியில் ஆயிரக்கணக்கான சிறுமியர் ஒன்றாக ஆடிய மே மாத விழாக்கள் நகரின் பெருங்காட்சிகளாயின. ஆனால் சிறுமியர் கிளையின் அடிப்படை விதி ஒன்று உண்டு: பள்ளிக்கும் பள்ளிக்கும் இடையே போட்டி கூடாது. பள்ளிக்குள்ளேயே, குழுவாக, விளம்பரமின்றி விளையாடலாம். இதன் ஒரு பக்கம் பாதுகாப்பு. சாம்பியன் மோகத்திலிருந்து விலகிய, எல்லாச் சிறுமியரும் பங்கேற்கும் விளையாட்டு. மறுபக்கம் கட்டுப்பாடு, வெல்லும் ஆசை பெண்ணுக்குப் பொருந்தாது என்ற அன்றைய எண்ணம். சிறுவரின் வகுப்புத் தடகளத்தில் விடுதலையாகத் தோன்றிய அதே கொள்கை, சிறுமியருக்கு வேலியாகவும் அமைந்தது. பள்ளிகளுக்கிடையிலான பெண்கள் போட்டிகள் உறுதியாக வேர்பிடிக்க 1970கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மூன்று அடுக்குகளில் எது நிலைத்தது? இதற்கான விடை லீக்கின் பிற்கால வரலாறு முழுவதிலும் எழுதப்பட்டுள்ளது. குலிக் 1908 அளவில் பள்ளித்துறையை விட்டு ரசல் சேஜ் அறக்கட்டளைக்குச் சென்றார், 1918இல் மறைந்தார். சல்லிவன் 1914இல் மறைந்தார். ஒரு வகுப்பின் சராசரி 5 அடி 11 அங்குலத்திலிருந்து 6 அடி 1 அங்குலமாக உயர்ந்தது என்ற செய்திக்குப் பார்வையாளர் கூடமாட்டார்கள். நாளிதழ் அதைத் தலைப்பாக்காது. சாம்பியன்களுக்கோ பெயரும் முகமும் இருந்தன. ஸ்டேட்டன் தீவின் கர்டிஸ் உயர்நிலைப் பள்ளியில் படித்த ஏபெல் கிவியட், யூதப் புலம்பெயர் குடும்பத்தவர், 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் 1500 மீட்டரில் வெள்ளி வென்றார். ஜெர்மானியப் புலம்பெயர்ந்தோரின் மகனான லூ கெரிக், ஹைஸ்கூல் ஆஃப் காமர்ஸ் அணிக்காக 1920இல் சிகாகோ சென்று, அந்நகரின் லேன் டெக் பள்ளிக்கு எதிராக நான்கு ஓட்டங்கள் தரும் பேரடி ஒன்றை அடித்தார். ஸ்டைவசன்ட் பள்ளி மாணவர் ஃபிராங்க் ஹசி 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 4×100 மீட்டர் தொடர் ஓட்டத்தில் தங்கம் பெற்ற அணியில் ஓடினார். இவர்களின் சாதனை உண்மையானது. ஏழைப் பிள்ளைகளுக்கு அது திறந்த வாயிலும் உண்மையானது. ஆனால் கவனம் மூன்றாவது அடுக்குக்கு நகர்ந்தபோது முதலிரண்டு அடுக்குகளும் மெல்ல மறைந்தன. இன்று லீக் என்றால் நகரத்தாருக்கு நினைவு வருவது பள்ளி அணிகளும் நகரச் சாம்பியன் போட்டிகளும் மட்டுமே.

மற்றோர் அடித்தளமான ஆசிரியரின் ஊதியமற்ற உழைப்பு 1950இல் ஆட்டம் கண்டது. ஊதிய உயர்வு கோரிய உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள், வகுப்பு நேரத்துக்குப் பிந்தைய செயல்பாடுகளை மேற்பார்வையிட மறுத்தனர். பள்ளிகளின் விளையாட்டும் நாடகமும் இசையும் நீண்ட காலம் முடங்கின. பின்னாளில் பேஸ்பால் உலகின் மாபெரும் பந்துவீச்சாளர்களில் ஒருவரான சாண்டி கோஃபாக்ஸ் அப்போது புரூக்ளினின் லஃபயட் பள்ளியில் படித்துவந்தார். பள்ளியில் விளையாட்டு இல்லாததால் யூதச் சமூக மையத்தில் கூடைப்பந்து ஆடினார். அவருக்கு அப்படியொரு மையம் இருந்தது. எல்லாப் பகுதிகளிலும் இருந்திருக்க முடியாது. ஒரு பொது உரிமை தனிப்பட்டவர்களின் தியாகத்தின்மீது நிற்கும்வரை அது உரிமையாகாது என்பதை அந்த முடக்கம் காட்டியது. 1975இன் நிதி நெருக்கடியில் நகரம் திவாலின் விளிம்புக்குச் சென்றபோது, பள்ளிகளில் முதலில் சுருங்கிய செலவுகளில் விளையாட்டும் இருந்தது.

21ஆம் நூற்றாண்டில் சிக்கல் வேறு வடிவம் எடுத்தது. மேயர் மைக்கேல் புளூம்பெர்க்கின் காலத்தில், தேர்ச்சி குறைந்த பெரிய உயர்நிலைப் பள்ளிகள் பல மூடப்பட்டு, அதே கட்டடங்களில் சிறிய பள்ளிகள் தொடங்கப்பட்டன. கல்வி நோக்கில் இதற்கு ஆதரவான வாதங்கள் இருந்தன. ஆனால் விளையாட்டு அணி என்பது பெரிய பள்ளியை முன்வைத்து உருவான அலகு. நானூறு மாணவர் உள்ள பள்ளியால் பல அணிகளைத் திரட்ட இயலாது. சில பெரிய பள்ளிகளில் முப்பதுக்கும் மேற்பட்ட அணிகள் இருக்க, பல சிறிய பள்ளிகளில் விரல்விட்டு எண்ணத்தக்க அணிகளோ, ஒன்றுகூட இல்லாத நிலையோ இருந்தது. சிறிய பள்ளிகளில் படித்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் அமெரிக்க வம்சாவளி மாணவர்கள்.

இதன்மேல் இரு சட்டப் போராட்டங்கள் எழுந்தன. கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்யும் 1972ஆம் ஆண்டின் ஒன்பதாம் பிரிவுச் சட்டத்தின்படி, நியூயார்க் பள்ளிகள் மாணவியருக்குப் போதிய விளையாட்டு வாய்ப்பு தரவில்லை என்று 2010இல் தேசியப் பெண்கள் சட்ட மையம் மத்திய அரசிடம் முறையிட்டது. 2015இல் நகரக் கல்வித்துறை வாய்ப்புகளைப் பெருக்குவதாக உடன்பாடு செய்துகொண்டது. 2018இல் மாணவர்கள் சார்பில் தொடரப்பட்ட வழக்கு, கறுப்பின, லத்தீன் மாணவர்களுக்கு விளையாட்டு அணிகள் சமமாகக் கிடைக்கவில்லை என்று வாதிட்டது. பின்னர் ஏற்பட்ட உடன்பாட்டில், அருகருகே உள்ள பல பள்ளிகளின் மாணவர்கள் ஒரே அணியில் சேர்ந்து ஆடும் பகிர்வு முறை விரிவாக்கப்பட்டது. இவ்விரு வழக்குகளின் வாதமும் எண்களால் ஆனது: எத்தனை பேர், எத்தனை அணி, எந்த விகிதம். 'ஒரு வகுப்பில் 80 விழுக்காட்டினராவது பங்கேற்றார்களா' என்ற 1903ஆம் ஆண்டுத் தலைமுறையின் கேள்வி, தன் பழைய பெயரை இழந்து, வழக்கறிஞர்களின் மொழியில் மீண்டும் பேசியது.

இதே காலத்தில் நிகழ்ந்த ஒரு சிறிய மாற்றத்தையும் இங்கே சேர்க்க வேண்டும். 2008இல் லீக் கிரிக்கெட்டைத் தன் போட்டி விளையாட்டுகளில் ஒன்றாக ஏற்றது. அமெரிக்காவில் ஓர் அரசுப் பள்ளி அமைப்பு அவ்வாறு செய்தது அதுவே முதன்முறை. குவீன்ஸிலும் புரூக்ளினிலும் வாழும் கயானா, டிரினிடாட், பாகிஸ்தான், வங்கதேசம், இந்தியா ஆகிய நாட்டுக் குடும்பங்களின் பிள்ளைகள் அணிகளை அமைத்தனர். நூறாண்டுக்கு முன் புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகளை மாற்றுவதற்காகப் பிறந்த லீக், இப்போது புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகளுக்காகத் தான் மாறியது. இங்கிலாந்தின் 'பப்ளிக் ஸ்கூல்' விளையாட்டு, காலனிய நாடுகளின் தெருக்கள் வழியாகச் சுற்றி, அமெரிக்கப் பொருளில் உள்ள 'பப்ளிக் ஸ்கூல்' திடலை வந்தடைந்தது.

இந்தியாவுக்கு இவ்வரலாறு தொலைவானதன்று. குலிக் உருவாக்கிய ஸ்பிரிங்ஃபீல்டு மரபில் பயின்ற ஹாரி குரோ பக், 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் உள்ள அந்தக் கல்லூரியில் பயின்றவர்கள் தென்னிந்தியப் பள்ளிகளின் உடற்கல்வியை வடிவமைத்தார்கள். 'டிரில் மாஸ்டர்' என்ற படைமுகாம் வாடைச் சொல் 'பி.டி. மாஸ்டர்' ஆகி, பின்னர் 'உடற்கல்வி ஆசிரியர்' ஆன பயணம் அக்கல்லூரியின் வரலாற்றோடு பிணைந்தது. விடுதலைக்குப் பின் 1954இல் இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு உருவாயிற்று. 1959–60இல் மத்திய அரசு தொடங்கிய தேசிய உடல்திறன் இயக்கம், குறித்த அளவை எட்டிய எவருக்கும் விருது என்ற முறையில், நியூயார்க்கின் பதக்கத் தேர்வை ஒத்திருந்தது. அந்த இயக்கத்தை இன்று நினைவுகூர்பவர் அரிது. நிலைத்திருப்பது குறுவட்டம், மாவட்டம், மாநிலம், தேசியம் என்று மேலேறும் தேர்வு ஏணி. ஒவ்வொரு படியிலும் பெரும்பாலோர் வெளியேற்றப்படுவதே அந்த ஏணியின் இயக்கமுறை. உடற்கல்விப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்ளும் வகுப்பறைகளில், வெளியேற்றப்படுவதற்குக்கூட வாய்ப்பில்லாமல் பெரும்பான்மை மாணவர்கள் அமர்ந்திருக்கின்றனர்.

நியூயார்க்கிலும் இந்தியாவிலும் நடந்தது ஒன்றுதான். திரளுக்காக வகுத்த முறை மங்கியது. தேர்ந்தவர்களுக்கான முறை தங்கியது. இதற்கு எவருடைய தீய எண்ணமும் காரணமன்று. சாம்பியனை உருவாக்க ஓர் அணியும் ஒரு பயிற்றுநரும் போதும். சராசரியை உயர்த்த ஒவ்வொரு வகுப்பிலும் ஓர் ஆசிரியரின் நேரமும், ஒரு துண்டு நிலமும், ஆண்டுதோறும் பொறுமையாகப் பதிவுசெய்யும் ஏடும் வேண்டும். முன்னதற்குக் கோப்பை கிடைக்கும். பின்னதற்குக் கோப்பை கிடைப்பதில்லை. பின்னதற்கும் கோப்பை கொடுக்கலாம் என்று கண்டதே குலிக்கின் தனிச்சிறப்பு. அவருடைய உளவியல் காலாவதியாகிவிட்டது. அவருடைய அச்சங்கள் அவர் காலத்துக்கே உரியவை. ஆனால் 40 பேர் உள்ள வகுப்பில் கடைசியாகத் தாண்டும் சிறுவனின் 8 அங்குலத்தை வகுப்பே எதிர்பார்த்து நிற்கும்படி ஒரு விதியை எழுதலாம் என்பது காலாவதியாகவில்லை. கல்வித் தரம், பொதுச் சுகாதாரம், வாசிப்புத் திறன் என எதை அளக்க முற்படும்போதும், முதலிடத்தை அளக்கிறோமா அல்லது எல்லோரையும் அளக்கிறோமா என்ற தேர்வு முன்னால் வந்து நிற்கிறது. அதற்கான விடையை அளவுகோலைச் செய்யும்போதே எழுதிவிடுகிறோம்.